சுவரில் தொங்கிய படங்கள்: பச்சை குத்தும் கலையில் கொடுக்கல் வாங்கல்

1. எல்லை

பச்சை குத்துபவரின் படைப்பு அவரிடம் தங்குவதில்லை. குத்திக்கொண்டவரோடு போய், அவரோடு மறைகிறது. தலைமுறை தாண்டி இக்கலையைக் கொண்டுவந்தவற்றில் முக்கியமானவை படத்தாள்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அவை கைமாறிய விதத்தை மட்டும் இங்கே பார்க்கிறோம். நம் ஊர்க் குறத்தியர் தாளே இல்லாமல் கைப்பழக்கத்தில் காத்துவந்த கோலங்களுக்குத் தனி ஆய்வு வேண்டும்.

2. அச்சிலிருந்து முதுகுக்கு

1827 வாக்கில் உதாகவா குனியோஷி என்ற, ஜப்பானின் எடோ (இன்றைய டோக்கியோ) நகர ஓவியர், சுய்கோதென் என்னும் சீனக் கதையின் வீரர்களை மரக்கட்டை அச்சில் வெளியிடத் தொடங்கினார். மூலக்கதையில் பச்சை குத்தியவர்கள் சிலரே. குனியோஷி தாராளமாகக் கைவைத்தார். பல வீரர்களின் உடம்பில் டிராகனும் பூக்களும் படர்ந்தன. தீயணைப்பாளர்களும் கூலியாட்களும் அதே உருவங்களைத் தங்கள் முதுகில் கேட்டார்கள். 1872இல் ஜப்பானிய அரசு பச்சை குத்தும் தொழிலைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1948இல். இடைக்காலத்தில் கலைஞர்கள் மறைந்து வாழ்ந்தாலும் அச்சுப்படங்கள் அழியவில்லை.

3. ஃபிளாஷ் தாள்

1891இல் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரைலி, எடிசனின் மின்பேனாவைத் தழுவிய குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வேலை விரைவானதும் படங்களுக்குப் பஞ்சம் வந்தது. அதைத் தீர்த்தவை ஃபிளாஷ் எனப்பட்ட மாதிரித் தாள்கள். சுவர்த்தாள் வடிவமைப்பிலிருந்து வந்தவர் எனப்படும் லூ ஆல்பர்ட்ஸ், அவற்றை வரைந்து விற்றவர்களில் முன்னோடி. தாளைச் சுவரில் மாட்டிவிட்டால் போதும், வந்தவர் விரலால் சுட்டுவார். நங்கூரம், தகைவிலான் குருவி, ரோஜா, கத்தி பாய்ந்த இதயம் எல்லாம் துறைமுகம்தோறும் ஒன்றுபோல் ஆனது இப்படித்தான். முதலில் வரைந்தவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலைகொடுத்து வாங்கிய பொதுச் சொத்து அது. கலைஞர்கள் பொத்திவைத்தது வேறொன்றை: நிறமிக் கலவை, ஊசி கட்டும் முறை, இயந்திரத்தைச் சீரமைக்கும் நுணுக்கம்.

4. ஹொனலுலுவும் கிஃபுவும்

இந்த இரகசியங்களின் பூட்டு திறந்த இடம் ஹொனலுலுவின் ஹோட்டல் தெரு வட்டாரம். அங்கே கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸ் (1911–1973), 'செயிலர் ஜெர்ரி' எனப் பெயர்பெற்றவர். தன் வேலையை நகலெடுப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர் ஜப்பானின் கிஃபு நகரத்து ஹோரிஹிதேயுடன் கடிதத்தொடர்பு வைத்திருந்தார். ஹொனலுலுவிலிருந்து இயந்திரமும் நிறமியும் போயின. கிஃபுவிலிருந்து படங்கள் வந்தன. படங்களோடு ஒரு பார்வையும் வந்தது. துண்டு துண்டாய் ஒட்டிய உருவங்களுக்குப் பதிலாக, காற்றும் அலையும் பின்னணியாக ஓடி உடம்பு முழுவதையும் ஒரே ஓவியமாக இணைக்கும் பார்வை அது.

காலின்ஸின் வழியில் வந்த டான் எட் ஹார்டி, சான்ஃபிரான்சிஸ்கோவில் அச்சோவியம் படித்தவர். 1973இல் கிஃபு சென்று ஹோரிஹிதேயிடம் வேலை செய்தார். மறு ஆண்டே ஊர் திரும்பி, ஒவ்வொருவருக்கும் புதிதாக வரைந்து தரும் கடையைத் தொடங்கினார். 1982இல் 'டாட்டூ டைம்' இதழையும் கொண்டுவந்தார். அதன்பின் தொழில் செய்தவர்கள் ஒருவர் வேலையை மற்றவர் ஏட்டில் பார்த்தே கற்க முடிந்தது.

காலின்ஸ், தன் இறப்புக்குப்பின் தான் குறிப்பிட்ட மூவரில் ஒருவர் கடையை வாங்க வேண்டும், இல்லையேல் எரித்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். மூவரில் ஒருவரான மைக் மலோன் வாங்கினார். தாள்கள் பிழைத்தன.

5. உரிமை

குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் முகப் பச்சையை வரைந்தவர், அதைத் திரைப்படத்தில் நகலெடுத்ததற்காக 2011இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் மீது வழக்கு தொடுத்தார்; அது சமரசத்தில் முடிந்தது. ஜாஸ் இசைக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் நிழற்படத்தைப் பார்த்துப் பச்சை குத்திய கலைஞர் கேட் வான் டீ மீதான வழக்கில், இரண்டும் போதிய அளவு ஒத்திருக்கவில்லை என்று 2024இல் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் இன்னும் தடுமாறுகிறது. தொழிலுக்குள் வழங்கும் முறையோ தெளிவானது, என் பார்வையில் நியாயமானதும்கூட: விற்ற ஃபிளாஷ் தாளை யாரும் குத்தலாம், ஒருவருக்கென்று வரைந்ததை இன்னொருவர் உடம்பில் குத்தக்கூடாது.