கார் எஞ்சினை எப்போது பிரிப்பது: ஒரு முடிவின் வரலாறு

நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த எஞ்சினை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, பிஸ்டன், ரிங், பேரிங் முதலியவற்றை மாற்றி மீண்டும் பூட்டுவது எஞ்சின் புதுப்பிப்பு ஆகும். பட்டறைகளில் இதை ‘எஞ்சின் வேலை’ என்பர். சிலிண்டரைக் கடைவதை ‘ரீபோர்’ என்பர். தேவை வருமுன் பிரித்தால் பணம் வீணாகும். காலம் கடத்தினால் கிராங்க் தண்டும் கெட்டுச் செலவு பன்மடங்காகும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது பல மாத வருமானத்தைப் பாதிக்கும் முடிவு. கடந்த நூறாண்டுகளில் இந்த முடிவை எடுக்கும் முறை பெரிதும் மாறியுள்ளது.

தேய்மானம் நடக்கும் இடங்கள்

எஞ்சினில் முக்கியமாக மூன்று இடங்கள் தேய்கின்றன. முதலாவது, பிஸ்டன் ரிங்குகள் உரசும் சிலிண்டர் சுவர். இது சீராகத் தேய்வதில்லை. ரிங் மேலேறி நிற்கும் இடத்துக்கு அருகில் வெப்பமும் அழுத்தமும் அதிகம், எண்ணெய் குறைவு. ஆகவே அங்கே தேய்மானம் மிகுந்து, மேல் விளிம்பில் ஒரு படி உருவாகும். அந்தப் படியை விரல் நகத்தால் தடவியே அனுபவமுள்ள மெக்கானிக் தேய்மானத்தை ஓரளவு கணிப்பார். இரண்டாவது, கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள். மூன்றாவது, வால்வுகளும் அவற்றின் வழிகாட்டிகளும்.

தொடக்க காலம்

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் எண்ணெய் பம்ப்பும் இல்லை, எண்ணெய் வடிகட்டியும் இல்லை. சுழலும் பாகங்கள் வாரி இறைத்த எண்ணெயே எஞ்சினுக்குக் கிடைத்தது. பேரிங்குகள் பாபிட் என்னும் மென்மையான உலோகக் கலவையை உருக்கி வார்க்கப்பட்டவை. அக்காலச் சாலைகளின் புழுதி நேரே எஞ்சினுக்குள் புகுந்தது.

இதனால் எஞ்சினைத் திறப்பது வழக்கமான பராமரிப்பாகவே இருந்தது. கரி படிந்தால் ஹெட்டைக் கழற்றிச் சுரண்டினர். பேரிங் தட்டும் ஓசை கேட்டால் அடிமூடியைத் திறந்து, இடையிலிருந்த மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்து இறுக்கினர். எப்போது பிரிப்பது என்ற கேள்விக்குக் காதே விடை சொன்னது.

வடிகட்டியும் எண்ணெயும்

1920-களில் மாற்றம் தொடங்கியது. எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் உருவாக்கிய ப்யூரோலேட்டர் எண்ணெய் வடிகட்டி 1923-ல் வந்தது. 1924-ல் வெளியான கிரைஸ்லர் காரில் எண்ணெய் வடிகட்டியும் காற்று வடிகட்டியும் இருந்தன. 1930-களில், வார்த்த பேரிங்குகளுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய ஓட்டு பேரிங்குகள் பரவின. பின்னர், அழுக்கைத் தன்னுள் தாங்கிக்கொள்ளும் எண்ணெய்களும், குளிரிலும் வெப்பத்திலும் ஏற்ற பாகுத்தன்மை கொண்ட மல்டிகிரேடு எண்ணெய்களும் புழக்கத்துக்கு வந்தன. இவை ஒவ்வொன்றும் எஞ்சினின் ஆயுளைக் கூட்டின.

புதுப்பிப்பும் ஒரு தொழிலாக வளர்ந்தது. தேய்ந்த எஞ்சினைக் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலையில் புதுப்பித்த எஞ்சினை வாங்கிக்கொள்ளும் மாற்றுத் திட்டத்தை ஃபோர்டு நடத்தியது. இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரியில், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இருக்கும் காரையே ஓட்ட வேண்டிய நிலையில் புதுப்பிப்புப் பட்டறைகளின் தேவை பெருகியது. புதிய கார் கிடைக்குமா என்பதும் இந்த முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை அக்காலம் காட்டியது.

இந்தியாவில் அம்பாசிடர்

இதே நிலை இந்தியாவில் பல பத்தாண்டுகள் நீடித்தது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரித்த அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவியது. அதில் நெடுங்காலம் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். அதன் சிலிண்டர் விட்டம் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். பிஸ்டனின் ஓட்டம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய காருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். எனவே பழைய காரை விட்டுவிட யாரும் எளிதில் துணியவில்லை.

வார்ப்பிரும்புச் சிலிண்டரைப் பலமுறை கடையலாம் என்பது அவர்களுக்கு உதவியது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு எனப் படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் கிடைத்தன. முதல் முறையே தேவைக்கு மேல் கடைந்தால், பின்னால் செய்யக்கூடிய ஒரு ரீபோர் பறிபோகும். கடைய இடமில்லாத நிலை வந்தால் ஸ்லீவ் போட்டு மீண்டும் பழைய அளவுக்கே கொண்டுவந்தனர். கிராங்க் தண்டையும் அவ்வாறே படிப்படியாகச் சாணை பிடித்து, அதற்கேற்ற பேரிங் பொருத்தினர். அவசரப்படாமல் இருப்பதற்கு இது நல்ல காரணமாயிற்று: ஒவ்வொரு முறை பிரிப்பதும் எஞ்சினின் மிச்சமுள்ள ஆயுளிலிருந்து ஒரு பங்கைச் செலவழிப்பதாகும்.

இன்னொரு வழியும் இருந்தது. சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் ஓடிய எஞ்சினை வாங்கி மாற்றினர். செலவு குறைவு, ஆனால் அதன் உள்நிலை வாங்குபவருக்குத் தெரியாது.

திறக்காமல் அறிதல்

எஞ்சினைத் திறக்காமலே நிலையறியும் முறைகள் இந்த முடிவுக்கு உறுதியான அடிப்படை தந்தன. அவற்றில் எளியது புகையைக் கவனிப்பது. நெடுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் சிறிது நேரம் நீலப்புகை வந்து மறைந்தால், பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். இதற்கு எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. மேட்டில் இழுக்கும்போது நீலப்புகை தொடர்ந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் விடாத வெண்புகை, குளிர்நீர் உள்ளே கசிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அளவுமானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பர். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் குறை ரிங்கில். உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கலாம்.

மூன்றாவது முறை ரயில்வேயிலிருந்து வந்தது. 1940-களில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே, டீசல் எஞ்சின்களின் பழைய எண்ணெயில் கலந்துள்ள உலோகத் துகள்களை நிறமாலை முறையில் அளந்தது. இரும்பு, செம்பு, ஈயம் ஆகியவற்றின் அளவு எந்தப் பகுதி தேய்கிறது என்பதைக் காட்டியது. பின்னர் இம்முறை விமானங்களுக்கும் லாரிகளுக்கும் பரவியது.

ஒரு பள்ளி ஆசிரியரின் வோல்வோ

கிலோமீட்டர் எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இர்வ் கார்டன் சிறந்த சான்று. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றிய இவர், 1966-ல் ஒரு வோல்வோ பி1800 காரை வாங்கினார். பள்ளிக்குப் போய்வரவே நாள்தோறும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டினார். 1987-ல் அந்தக் கார் 10 லட்சம் மைலைத் தொட்டது. 2013-ல் அலாஸ்காவில் 30 லட்சம் மைலைக் கடந்தது. அதன் எஞ்சின் முதன்முறை புதுப்பிக்கப்பட்டது 6,80,000 மைலில், அதாவது ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டரில். கார்டன் 2018-ல் காலமானார்.

இதில் அதிசயம் ஏதுமில்லை. எண்ணெயை அவர் தவறாமல் மாற்றினார். ஓட்டமும் நெடுஞ்சாலை ஓட்டம். எஞ்சின் ஒருமுறை சூடானால் நெடுந்தூரம் அதே வெப்பத்தில் ஓடியது. குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது எண்ணெய் எல்லா இடத்துக்கும் சென்று சேரச் சில நொடிகள் ஆகும்; எரியாத எரிபொருளும் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவும். பகலெல்லாம் நின்று நின்று நகர்ப்புழுதியில் ஓடும் காரின் ஒரு லட்சம் கிலோமீட்டரும், நெடுஞ்சாலைக் காரின் ஒரு லட்சமும் சமமல்ல.

இன்றைய நிலை

மின்னணு எரிபொருள் செலுத்துமுறை வந்தபின் அவ்வாறு கழுவப்படுவது குறைந்தது. நல்ல பராமரிப்பில் மூன்று லட்சம் கிலோமீட்டர் பிரிக்காமல் ஓடும் எஞ்சின்கள் இன்று அரிதல்ல. அதே வேளையில், சிலிண்டர் சுவரில் நிக்கல் பூச்சுள்ள சில அலுமினிய எஞ்சின்களைப் பழையபடி எளிதாகக் கடைய முடியாது. அதனால் புதுப்பிப்பின் செலவு காரின் விலையை நெருங்கிவிடுவதும் உண்டு.

மாடல் டி காலத்தில் காது சொன்னதை இன்று அளவுமானி சொல்கிறது. எண்ணெய்ச் செலவைக் குறித்து வைத்து, எண்ணெய் அழுத்தத்தையும் கம்ப்ரஷனையும் அளந்து, குறை எங்கே என்று உறுதிசெய்த பிறகே செலவைக் காரின் மதிப்போடு ஒப்பிட வேண்டும். எண்ணெய்ச் செலவு மெல்லக் கூடினால் ஆராய நேரம் உண்டு. எண்ணெய் அழுத்தம் விழுந்து அடியில் தட்டும் ஓசை கேட்டால் நேரமில்லை. அப்போதே வண்டியை நிறுத்துவதுதான் கிராங்க் தண்டைக் காப்பாற்றும்.