மூளைச் சிரை உறைவில் கதீட்டர் சிகிச்சை: டோ-ஆக்ட் ஆய்வை மீண்டும் படித்தல்

மூளையின் சிரைச் சைனஸ்களில் உறைந்த ரத்தத்தைக் கதீட்டர் செலுத்தி அங்கேயே கரைப்பதா, உறைவெதிர்ப்பு மருந்தான ஹெப்பாரினோடு நிறுத்திக்கொள்வதா என்ற வழக்கு 2020இல் முடிந்துவிட்டதாக ஒரு தரப்பினர் எழுதிவருகிறார்கள். அவ்வாண்டு ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வெளியான டோ-ஆக்ட் ஆய்வே அவர்கள் காட்டும் தீர்ப்பு. கதீட்டரால் பயன் தெரியவில்லை. ஆகவே பெரியவர்களுக்கு அது வேண்டாம், குழந்தைகளுக்கு அறவே வேண்டாம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதன் முதல் பாதியைச் சில வரம்புகளோடு ஏற்கலாம். இரண்டாம் பாதிக்கு அந்த ஆய்வில் ஒரு வரிகூடச் சான்று இல்லை.

எண்களைப் பார்ப்போம். நெதர்லாந்து, சீனா, போர்ச்சுகல் நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் 2011 செப்டம்பர் முதல் 2016 அக்டோபர் வரை 67 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டார்கள்: கதீட்டர் சிகிச்சைக்கு 33 பேர், வழக்கமான உறைவெதிர்ப்பு மருந்துக்கு 34 பேர். 12 மாதம் கழித்து, மாற்றியமைத்த ரேங்கின் அளவுகோலில் 0 அல்லது 1 என்ற நல்ல நிலையை எட்டியவர்கள் முதல் அணியில் 22 (67%), இரண்டாம் அணியில் 23 (68%). ஒப்பீட்டு விகிதம் 0.99, அதன் 95% நம்பிக்கை இடைவெளி 0.71 முதல் 1.38 வரை. தொடர்ந்து நடத்தினாலும் பயன் தெரியப்போவதில்லை என்று முதல் இடைக்காலப் பகுப்பாய்விலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது.

67%, 68% என்ற இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் படிப்பவர் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்து வரும் இடைவெளியை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. ஆய்வைத் திட்டமிட்டவர்கள் 164 பேரைச் சேர்க்க எண்ணினார்கள். ஹெப்பாரின் மட்டும் பெற்றவர்களில் 40% பேர் நல்ல நிலையை எட்டமாட்டார்கள், கதீட்டர் அதைப் பாதியாக, 20% ஆகக் குறைக்கும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. நல்ல விளைவின் பக்கத்திலிருந்து சொன்னால் 60% என்பது 80% ஆக உயர வேண்டும்; ஒப்பீட்டு விகிதம் ஏறத்தாழ 1.33. இந்த 1.33, கிடைத்த இடைவெளியின் மேல் எல்லையான 1.38க்கு உள்ளேயே விழுகிறது. எந்தப் பயனைக் கண்டுபிடிக்க ஆய்வு புறப்பட்டதோ, அந்தப் பயனையே அதன் முடிவு விலக்கவில்லை. அப்படியொரு பெரும் பயன் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஒப்பீட்டு அணியிலேயே 68% பேர் தேறிவிட்டபோது அதற்கு இடம் குறைவுதான். ஆனால் ‘பயனில்லை என்று நிறுவப்பட்டது’ என்ற தொடருக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. நிறுத்தியதற்கான காரணம் ஆய்வின் வெற்றி வாய்ப்பைப் பற்றியது. சிகிச்சையின் மதிப்பைப் பற்றிய கேள்வி வேறு.

இதே கண்டிப்பை மறுபக்கத்துக்கும் பொருத்த வேண்டும். கதீட்டர் அணியில் 12% பேரும் மற்ற அணியில் 3% பேரும் இறந்தார்கள். நான்கு பேர், ஒருவர். புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அறிகுறியோடு கூடிய மூளை ரத்தக்கசிவோ நேர்மாறாக, கதீட்டர் அணியில் 3%, மற்றதில் 9%. கதீட்டரை ஆதரிப்போர் இரண்டாவதையும் எதிர்ப்போர் முதலாவதையும் மேற்கோள் காட்டுகிறார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டுக்குமே எடை இல்லை.

என் கருத்துவேறுபாட்டின் மையம் சேர்க்கை விதிகளில் இருக்கிறது. மனநிலைக் குழப்பம், ஆழ்மயக்கம், மூளைக்குள் ரத்தக்கசிவு, ஆழ்சிரை மண்டலத்தில் உறைவு ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் நோயாளி ‘கடுமையானவர்’. நினைவு தெளிவாக, சிறிய ரத்தக்கசிவோடு படுத்திருப்பவரும் இதில் அடங்குவார். மணிக்கு மணி நினைவிழந்து வருபவரும் அடங்குவார். இவ்விருவரையும் ஒரே கூடையில் போட்டு எடுத்த சராசரி, இரண்டாமவரைப் பற்றி என்ன சொல்லும்?

இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. கதீட்டர் நல்லதா, மருந்து மட்டும் நல்லதா என்று சிகிச்சை தரும் மருத்துவருக்கே ஐயம் இருந்தால்தான் நோயாளியைச் சேர்க்கலாம். அறநோக்கில் இதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் போதிய ஹெப்பாரின் ஏறியும் கண்ணெதிரே சரிந்துவரும் நோயாளியைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் எத்தனை பேருக்கு அந்த ஐயம் மிச்சமிருக்கும்? ஐயமற்றவர்கள் கதீட்டரை நேரே செலுத்தியிருப்பார்கள், அல்லது நேரே மறுத்திருப்பார்கள். இருவழியிலும் அந்த நோயாளி 67 பேரில் ஒருவராக இல்லை. மருந்தின்மேல் சரிந்தவர் எவருமே ஆய்வில் இல்லை என்று அறுதியிட மாட்டேன். ஹெப்பாரின் தொடங்கியவர்களும் நோய் கண்டறிந்து 10 நாட்களுக்குள் சேரலாம் என்றுதான் விதி சொல்கிறது. எனினும் கதீட்டர் சிகிச்சை உண்மையில் யாருக்காகக் கைவசம் வைக்கப்பட்டிருக்கிறதோ, அவர்களை வடிகட்டி வெளியே நிறுத்தும் போக்கு அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது.

‘மருத்துவரின் உறுதி சான்றாகுமா?’ என்று கேட்பார்கள். ஆகாது. சான்று எங்கே இல்லை என்பதைக் காட்ட அது போதும்.

மூளை பிதுங்கும் நிலையை நெருங்கியவர்களும் விலக்கப்பட்டார்கள். அதில் எனக்கு வழக்கில்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியது மண்டையோட்டைத் திறந்து அழுத்தம் தணிக்கும் அறுவை. கர்ப்பிணிகள் விலக்கப்பட்டு, பிள்ளை பெற்றவர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். பேறுகாலச் சிரை உறைவு மிகுந்த நம் நாட்டில் அந்த அனுமதி கவனிக்கத்தக்கது.

இனிக் குழந்தைகள். 18 வயதுக்கு உட்பட்ட ஒருவர்கூட டோ-ஆக்டில் இல்லை. கனடா நாட்டுப் பதிவேட்டின் 160 குழந்தைகளைப் பற்றிய 2001ஆம் ஆண்டு அறிக்கை, ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 0.67 பேருக்கு இந்நோய் வருவதாகவும், அவர்களில் 43% பச்சிளங்குழந்தைகள் என்றும் காட்டியது. பெரியவர்களின் முடிவை இவர்கள்மேல் ஏற்றுவோர் உறைவியலை மறந்துவிடுகிறார்கள். உறைவைக் கரைக்கக் கதீட்டர் வழியே விடும் அல்டிபிளேஸ் மருந்து தானாக எதையும் கரைப்பதில்லை. ரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்றுவதே அதன் வேலை. பச்சிளங்குழந்தையின் பிளாஸ்மினோஜன் பெரியவர்களின் அளவில் ஏறத்தாழப் பாதி. மருந்தளவை எடைக்கேற்பக் குறைத்துவிட்டால் போதும் என்ற கணக்கு அங்கே பலிக்காது. மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். கதீட்டரைக் கழுவ விடும் ஹெப்பாரின் நீரும் படத்துக்கான சாயமும்கூட அங்கே சில்லறைக் கணக்கல்ல. குழந்தைகளிடம் கதீட்டர் தோற்றாலும் வென்றாலும், பெரியவர்களின் எண்களிலிருந்து அதை முன்கூட்டி அறிய வழியில்லை.

கதீட்டரை ஆதரிப்போர் போதிய அளவு கேட்டுக்கொள்ளாத கேள்வியும் ஒன்று உண்டு. ‘ஹெப்பாரின் பலிக்கவில்லை’ என்று எப்போது சொல்லலாம்? ஹெப்பாரின், ரத்தத்திலுள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தின் வழியாகவே வேலை செய்கிறது. ரத்தப்புற்றுக்கு எல்-அஸ்பாராஜினேஸ் பெறும் குழந்தையின் கல்லீரல் அதைப் போதிய அளவு உற்பத்தி செய்வதில்லை; நெஃப்ரோடிக் நோயுள்ள குழந்தை அதைச் சிறுநீரில் இழக்கிறது; பச்சிளங்குழந்தையிடம் இயல்பிலேயே அது குறைவு. சிரை உறைவு அதிகம் வரும் குழந்தைகளில் இவர்களும் அடங்குவார்கள். இவர்களிடம் மருந்து தோற்றதாகத் தெரிவது, மருந்து செயல்படவே தொடங்காததாக இருக்கலாம். ஆன்டித்ராம்பினையும், ஹெப்பாரினின் செயலைக் காட்டும் ஆன்டி-பத்து-ஏ அளவையும் பார்க்காமல் கதீட்டர் அறைக்கு அனுப்பிய குழந்தையின் கதை, சிகிச்சையின் வெற்றிக்கும் சான்றாகாது, தோல்விக்கும் சான்றாகாது. குழந்தைகள் பற்றிய இலக்கியத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட தனிநோயாளி அறிக்கைகள்தான். பிழைத்த குழந்தை அச்சேறுகிறது. பிழைக்காத குழந்தை பெரும்பாலும் ஏறுவதில்லை.

அரிய நோயாதலால் குழந்தைகளிடம் ஒப்பீட்டு ஆய்வு நடவாது என்ற சாக்கு இனிச் செல்லாது. ரிவாராக்ஸபேன் மருந்துக்கான ஐன்ஸ்டைன்-ஜூனியர் ஆய்வு, இந்நோயுள்ள 114 குழந்தைகளைப் பல நாடுகளிலிருந்து சேர்த்தது. கதீட்டர் தேவைப்படுமளவு கடுமையானவர்கள் அவர்களில் சிலரே இருப்பார்கள் என்பது உண்மை. அந்தச் சிலருக்குச் சமவாய்ப்பு ஆய்வு இயலாவிட்டாலும், தொடர்ச்சியாக வந்த அனைவரையும் விடாமல் எழுதும் பொதுப் பதிவேடு இயலும்.

ஹெப்பாரினால் தேறிவரும் பெரியவரின் சைனஸில் கதீட்டர் செலுத்த இன்றைய சான்று இடம் தரவில்லை. அதில் டோ-ஆக்ட் சரி. சரியான அளவு ஹெப்பாரின் செயல்படுவது உறுதியான பிறகும் சரிந்துவருபவருக்குக் கதீட்டரை மறுக்க அந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது பிழை. குழந்தை மருத்துவமனைகள் பதிவேடு தொடங்கும்போது கதீட்டருக்கு முந்தைய நாளின் ஆன்டித்ராம்பின் அளவு, ஹெப்பாரின் தொடங்கிய நேரம், நினைவு மங்கத் தொடங்கிய நேரம் ஆகிய மூன்றையும் கட்டாயப் பத்திகளாக வைக்க வேண்டும். கதீட்டர் செலுத்தாமல் விட்ட குழந்தைகளையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.