உயிரணுக் குளிர்காப்பில் உறைவெதிர்ப்புப் புரதம்

உறைவெதிர்ப்புப் புரதங்கள் என்பவை, கடுங்குளிர்க் கடல்களில் வாழும் சில மீன்களின் உடல்நீர்மம் பனிக்கட்டியாகாமல் காக்கும் புரதங்கள் ஆகும். உயிரணுக்களையும் உறுப்புகளையும் குளிரில் சேமிப்பதற்கு இவற்றைப் பயன்படுத்தும் முயற்சிகள் 1990களிலிருந்து நடைபெற்று வருகின்றன.

கண்டுபிடிப்பு

கடல்நீர் ஏறத்தாழ -1.9 பாகை செல்சியசில் உறைகிறது. பெரும்பாலான எலும்பு மீன்களின் குருதியோ -0.7 பாகையளவிலேயே பனிக்கட்டியாகத் தொடங்கும். அண்டார்க்டிக்காவின் மக்மர்டோ பகுதி மீன்களை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் ஆர்தர் டெவ்ரீஸ், அவற்றின் குருதியிலுள்ள சர்க்கரைப் புரதங்களே அவற்றைக் காக்கின்றன என 1960களின் இறுதியில் கண்டறிந்தார்.

செயல்முறை

இப்புரதங்கள் நுண்ணிய பனிப்படிகங்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. இதனால் உறைநிலை தாழ்கிறது. உருகுநிலை ஏறத்தாழ மாறுவதில்லை. மீன் புரதங்களில் இவ்விரு நிலைகளுக்கும் இடையேயான வேறுபாடு சுமார் 1 பாகை அளவினதாகும்.

உறைந்த உயிரணுக்களை மீண்டும் உருக்கும்போது சிறு படிகங்கள் இணைந்து பெரிதாகி உயிரணுக்களைச் சிதைக்கின்றன. இம்மீள்படிகமாதலை மிகக் குறைந்த அளவு புரதமே தடுக்க வல்லது.

பயன்பாடு

1949 முதல் அறியப்பட்ட கிளிசரால் உறைகாப்புப் பொருளாக இன்றும் பயன்படுகிறது. எனினும் அது அதிக அளவில் தேவைப்படுகிறது. உறையவைத்த செங்குருதியணுக்களை நோயாளிக்குச் செலுத்துமுன் அதனைக் கழுவி நீக்க வேண்டும். ஆகவே, சிறிதளவில் செயற்படும் மீன் புரதங்கள் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தன.

மாற்றறுவைக்கான மனித இதயத்தை வழக்கமான குளிர்சேமிப்பில் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரமே வைத்திருக்க இயலும். 2004இல் வெளியான ஆய்வொன்றில், உறைவெதிர்ப்புப் புரதம் சேர்த்த கரைசலில் -1.3 பாகையில் 24 மணி நேரம் பனிக்கட்டியாகாமல் வைக்கப்பட்ட எலி இதயங்கள், வேறு எலிகளுக்குப் பொருத்தப்பட்டபின் துடித்தன.

குறைபாடுகள்

வெப்பநிலை இப்புரதங்களின் காப்பெல்லைக்குக் கீழே சென்றால், பனிப்படிகங்கள் ஊசி வடிவில் வளர்ந்து உயிரணுக்களைத் துளைக்கின்றன. செங்குருதியணுக்களைக் கொண்டு செய்யப்பட்டு 1992இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு புரதம் உயிரணுக்களைக் காத்தது. மிகுந்த அளவு சிதைவைக் கூட்டியது. எலி இதயங்களில் 1994இல் வெளியான மற்றோர் ஆய்வில், உறைய நேர்ந்தபோது அண்டார்க்டிக்க மீன்களின் புரதம் பாதிப்பை மிகுவித்தது. மீனுக்கு இவ்விடர் நேர்வதில்லை. கடல்நீரின் வெப்பநிலை அதன் உறைநிலைக்குக் கீழே பெரிதும் இறங்குவதில்லை. -196 பாகையிலுள்ள நீர்ம நைதரசனில் சேமிக்கப்படும் உயிரணுக்களுக்கோ அத்தகைய எல்லை இல்லை.

இதனால், ஊசிப்படிகங்களை உருவாக்காமல் மீள்படிகமாதலை மட்டும் தடுக்கும் செயற்கைப் பொருள்களும் ஆராயப்படுகின்றன. பாலிவினைல் ஆல்ககால் அவற்றுள் ஒன்று.