நான்கு பேர் போதும்

ஞாயிறுதோறும் ஆலயக் கதவைத் திறந்துவைத்துப் பாடுகிறோம். கதவை அடைத்துக்கொண்டு பாடவேண்டிய காலமும் இருந்தது.

முதலாம் எலிசபெத் அரசி ஆண்ட இங்கிலாந்தில் கத்தோலிக்கத் திருப்பலிக்குத் தடை. அரசுத் திருச்சபையின் ஆராதனைக்கு வராதவர்களுக்கு 1581 முதல் மாதம் 20 பவுண்டு அபராதம். வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றுத் திரும்பியவருக்கு அடைக்கலம் தருவது 1585 முதல் மரண தண்டனைக்குரிய குற்றம்.

வில்லியம் பேர்ட் 1572 முதல் அரசியின் சொந்த ஆலயப் பாடகர் குழுவில் இருந்தவர், கத்தோலிக்கர். 1592-க்கும் 1595-க்கும் இடையில், மூன்று, நான்கு, ஐந்து குரல்களுக்கென மூன்று இலத்தீன் திருப்பலி இசைகளை அச்சில் வெளியிட்டார். அவற்றில் முகப்புத்தாள் இல்லை. அச்சிட்டவர் பெயரும் ஆண்டும் இல்லை. தம் பெயரை மட்டும் அவர் மறைக்கவில்லை.

வீட்டு அறையில் இரகசியமாகக் கூடும் சிலருக்கு ஏற்ற இசை அது. ஒரு குரலுக்கு ஒருவர் போதும். நான்கு குரல் திருப்பலியின் இறுதியில், சமாதானம் வேண்டும் மன்றாட்டில், குரல்கள் ஒன்றோடொன்று உரசி, வலித்து, பிறகே அமைதி அடைகின்றன. சமாதானம் கிடைக்காதவர்கள் கேட்ட சமாதானம் அது.

அடுத்த முறை பாடகர் குழுப் பயிற்சிக்கு நாலே பேர் வந்திருந்தால் மனம் சோர்ந்து வீடு திரும்பிவிடாதீர்கள்.