பரோலோ ஒயினின் வரலாறு

பரோலோ என்பது இத்தாலியின் வடமேற்கே பியட்மான்ட் மாநிலத்தில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கில் உள்ள லாங்கே குன்றுகளில் தயாரிக்கப்படும் சிவப்பு ஒயின் ஆகும். நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து இது செய்யப்படுகிறது. அங்குள்ள ஒரு சிற்றூரின் பெயரே ஒயினுக்கும் பெயரானது. புதிதாக இருக்கும்போது நாக்கை இறுக்கும் துவர்ப்பு கொண்ட இந்த ஒயின், பல ஆண்டுகள் கழித்தே பதமாகிறது. அத்தனை காலம் காத்திருக்க யாருக்கு வசதி இருந்தது என்ற கேள்வி இதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

திராட்சையும் நிலமும்

நெபியோலோ வசந்தத்தில் முந்தித் துளிர்த்து, இலையுதிர் காலத்தில் பிந்திப் பழுக்கும் வகை. அறுவடை பெரும்பாலும் அக்டோபரில் நடைபெறும். அப்போது பள்ளத்தாக்குகளை மூடுபனி நிறைத்திருக்கும். மூடுபனியைக் குறிக்கும் ‘நெபியா’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து திராட்சையின் பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இப்பெயர் காணப்படுகிறது. வெயில் குறைந்த இடத்தில் இது சரியாகப் பழுக்காது. ஆகவே சுண்ணாம்பு கலந்த களிமண் கொண்ட, தெற்கு நோக்கிய சரிவுகளே இதற்குச் சிறந்தவை.

துவர்ப்புக்குக் காரணம் திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின். ஒயின் முதிரும்போது டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. அவற்றில் ஒரு பகுதி வண்டலாகப் படிய, துவர்ப்பு மெல்லத் தணிகிறது.

பிரபுக்களின் ஒயின்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இப்பகுதியின் நெபியோலோ ஒயின் பெரும்பாலும் இனிப்பாகவே இருந்தது. இனிப்பற்ற பரோலோவை உருவாக்கியதில் பிரபுக் குடும்பங்களுக்குப் பெரும் பங்குண்டு. பரோலோ ஊரின் பிரபுவை மணந்த பிரெஞ்சுப் பெண்மணி ஜூலியட் கோல்பேர் அவர்களுள் ஒருவர். 1832 முதல் கிரின்சானே ஊரின் மேயராக இருந்த கவூர் மற்றொருவர். இவரே பின்னாளில் ஒன்றிணைந்த இத்தாலியின் முதல் பிரதமரானார். இம்மாற்றத்தைச் செய்தவர் லூயி உடார் என்ற பிரெஞ்சு வணிகர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கவூரின் தோட்டத்தில் பணியாற்றிய ஸ்டால்யேனோ என்ற இத்தாலியரே அதற்கு முன்னோடி என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர். சவோய் அரசவை இந்த ஒயினை விரும்பியது. ‘ஒயின்களின் அரசன்’ என்ற பட்டமும் இதற்குச் சேர்ந்தது.

விவசாயிகளின் நிலை

ஒயினின் புகழ் அதை விளைவித்தவர்களைச் செல்வராக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான சிறு விவசாயிகள் திராட்சையை ஆல்பா சந்தைக்குக் கொண்டுவந்து வணிகர்களிடம் விற்றனர். பறித்த பழம் சில நாட்களில் கெட்டுவிடும் என்பதால், வணிகர் சொன்னதே விலையாயிற்று. ஒயினைப் பல ஆண்டுகள் பீப்பாயில் வைத்துக் காக்கும் முதல் அவர்களிடம் இல்லை. லாங்கே குன்றுகளின் வறுமையை, அம்மண்ணின் எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ 1954இல் வெளியான ‘லா மலோரா’ நாவலில் பதிவு செய்தார். வறுமையால் மகனை வேறொரு பண்ணைக்கு வேலையாளாக அனுப்பும் குடும்பத்தின் கதை அது. 1946இல் ஆல்பாவில் தொடங்கப்பட்ட ஃபெரேரோ இனிப்பு நிறுவனமும் பிற ஆலைகளும் கிராமத்து இளைஞர்கள் பலரை ஈர்த்தன.

பரோலோப் போர்

1960களுக்குப் பின் விவசாயக் குடும்பங்கள் தாங்களே ஒயின் தயாரித்துப் புட்டியில் அடைப்பது பெருகியது. அத்துடன் புதிய சிக்கலும் வந்தது. பழைய முறையில் திராட்சைத் தோல் வாரக்கணக்கில் சாற்றில் ஊறும். பிறகு ஒயின் பெரிய பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அவ்வளவு காலம் காத்திருக்கச் சந்தை தயாராக இல்லை என்றனர் இளைஞர்கள். ஊறும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்து, 225 லிட்டர் கொள்ளும் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களைப் புகுத்தினர். அவர்களுள் ஒருவரான எலியோ அல்தாரே 1983இல் தந்தையின் பெரிய பீப்பாய்களை இயந்திர வாளால் அறுத்தார். தந்தை அவருக்குச் சொத்துரிமையை மறுத்தார். மரபின் பக்கம் நின்ற பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாய்களை எதிர்க்கும் வாசகத்தைத் தம் ஒயின் புட்டிகளின் முகப்புச் சீட்டிலேயே எழுதினார். இந்தப் பூசல் ‘பரோலோப் போர்’ எனப்படுகிறது. பின்னர் இரு தரப்பினரும் மற்றவர் முறையிலிருந்து சிலவற்றை ஏற்றுக்கொள்ள, அது தணிந்தது.

இன்றைய நிலை

பரோலோவுக்கு 1966இல் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பும், 1980இல் அதன் மிக உயர்ந்த தகுதியும் கிடைத்தன. பரோலோ, லா மோரா, செரலுங்கா உள்ளிட்ட 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த திராட்சையில் செய்ததற்கு மட்டுமே இப்பெயர் உரியது. ஒயின் குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். ‘ரிசர்வா’ வகைக்கு 62 மாதங்கள். பீப்பாய் பெரிதா சிறிதா என்பதைச் சட்டம் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது. 2014இல் லாங்கே உள்ளிட்ட பியட்மான்ட் திராட்சைத் தோட்ட நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் அறுவடை வாரத்திலேயே பழத்தை விற்றுத் தீர்த்த குடும்பங்கள் பலவற்றின் வாரிசுகள், இன்று அதே சரிவுகளின் ஒயினை மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிலவறையில் காத்து, தம் பெயரிலேயே விற்கின்றனர்.