மருந்தாளர் கல்வி வளர்ந்த வரலாறு

நோய் தீர்க்கும் முயற்சியைத் திருவள்ளுவர் நான்கு உறுப்புக்களாக வகுத்தார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. இறுதியில் நின்ற உழைச்செல்வானை, மருந்தைப் பிழையாமல் இயற்றுவோன் எனப் பரிமேலழகர் விளக்கினார். மருத்துவனுடைய கல்வியைப் பற்றி நம்மவர் பேசுவது மிகுதி. நான்காமவனாகிய இவன் யாது கற்றல் வேண்டும், அக்கல்விக்காகும் செலவை யாவர் பொறுத்தல் வேண்டும் என்பன பற்றிப் பேசுவதோ குறைவு. இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று விட்டு நீங்காதன என்பதை மருந்தாளர் கல்வியின் வரலாறு காட்டுகின்றது. அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் விரும்பிய எவரும் மருந்துக்கடை வைக்கலாம். கடைக்காரரிடம் தொழில் பழகுநராய் அமர்ந்து, இடித்தும் அரைத்தும் நிறுத்தும் கண்டறிந்ததே கல்வியாயிற்று. நல்ல ஆசானிடம் அமர்ந்தவன் நன்கு கற்றான். அல்லாதவன் அவன் பிழைகளையும் சேர்த்துக் கற்றான். இந்நிலையை மாற்ற முன்னின்றவர் யேக்கப் பெல் என்பார். இலண்டனில் ஒக்ஸ்போட் வீதி மருந்து வணிகர் ஒருவரின் மைந்தராகிய இவர், தந்தையார் கடையில் வேலை செய்துகொண்டே இரசாயன விரிவுரைகளைக் கேட்டு அறிவு பெற்றவர். இவரும் இவர்தம் நண்பரும் 1841 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருந்தாளர் சங்கத்தை நிறுவினர். மறுவருடமே சங்கத்தின் பாடசாலை தொடங்கிற்று. இரசாயனமும் தாவரவியலும் மருந்துப் பொருளியலும் அங்குக் கற்பிக்கப்பட்டன; மாணவர் தம் கையாற் சோதனை செய்து பழக ஆய்வுகூடமும் பின்னர் அமைந்தது. 1852 இல் நிறைவேறிய சட்டம் பரீட்சையிற் சித்தியெய்தியோரின் பெயரைப் பதிவு செய்ய வழி வகுத்தது. ஆயினும், சித்தியெய்தாதார் மருந்து விற்பதை அது தடுக்கவில்லை.

அக்குறையின் விளைவு 1858 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் பிராட்போட் நகரில் வெளிப்பட்டது. அந்நாளிற் சீனி விலை மிக்கிருந்தமையால், இனிப்புப் பண்டஞ் செய்வோர் அதனொடு தீங்கற்ற வெண்ணிறத் தூள் ஒன்றைக் கலத்தல் வழக்கம். அத்தூளை வாங்க ஒருவர் அயலூர் மருந்துக்கடைக்குச் சென்றார். கடைக்காரர் நோயுற்றிருந்தார். உதவியாளனோ மேன்மாடத்திலிருந்த பீப்பாயினின்று 12 இறாத்தல் தூளை நிறுத்துக் கொடுத்தான். அது வெள்ளைப் பாஷாணமாகிய ஆசனிக்கு. அதனாற் செய்த இனிப்பை உண்டு இருநூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ இருபதின்மர் மாண்டனர். உதவியாளனிடம் தீய எண்ணம் இருந்ததில்லை. இரு வெண்டூள்களை வேறுபடுத்தியறியும் பயிற்சியே இருந்ததில்லை. வழக்கு நடந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1868 இல் வந்த சட்டம், குறித்த நஞ்சுப் பொருள்களைப் பதிவுபெற்றோரே விற்கலாம் எனவும், புதிதாய்ப் பதிவுபெற விரும்புவோர் பரீட்சையிற் சித்தியெய்தல் வேண்டும் எனவும் விதித்தது.

பரீட்சை கட்டாயமாகவே இரண்டாம் வினா எழுந்தது. படிக்கும் காலத்தில் ஊதியமில்லை. இலண்டனில் தங்குதற்கோ பெரும்பணம் வேண்டும். 1859 இல் பெல் இறந்தபின் அவர் நினைவாகப் புலமைப்பரிசில் நிதி ஏற்படுத்தப்பட்டது. பெரியாரொருவரின் நினைவுக்குக் கல்லினாற் சிலை எடுத்தலோடு நில்லாது, பின்வரும் மாணவனின் கல்விக்கு வழி செய்தமை பாராட்டத்தக்கது. எனினும் பணம் ஒன்றே தடையாயிருந்ததில்லை. பரீட்சைகளிற் சித்தியெய்திய பின்னரும் பெண்களைச் சங்கம் பல்லாண்டு ஏற்க மறுத்தது. 1879 இல் இசபெல்லா கிளார்க், உரோஸ் மின்சல் என்னும் இருவர் உறுப்பினராயினர்.

கடையிற் பழகுவதா, ஆய்வுகூடத்திற் கற்பதா என்னும் பிணக்கு ஐக்கிய அமெரிக்காவில் மேலும் முற்றியது. 1821 இல் தோன்றிய பிலதெல்பியா மருந்தாக்கக் கல்லூரி முதலியன, பகலிற் கடையில் உழைப்போர்க்கு மாலையில் விரிவுரை நிகழ்த்தின. 1868 இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் வேறு வழி வகுத்தது. அங்கு அல்பேட் பிறெஸ்கொட் என்னும் பேராசிரியர், கடைப்பழக்கத்தை முன்னிபந்தனையாக்காது, பகல் முழுதும் மாணவரை ஆய்வுகூடத்தில் நிறுத்திக் கற்பித்தார். 1871 இல் அமெரிக்க மருந்தாளர் கழகத்தின் மாநாட்டுக்கு அவர் சென்றபோது, பழகுநர் பயிற்சியைக் கோராதது கல்லூரியாகாது எனக் கூறி, அவரைப் பிரதிநிதியாக ஏற்க மறுத்தனர். ஆயினும் காலம் அவர் வழியே சென்றது. 1892 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் நான்காண்டுக் கற்கைநெறியை வகுத்தது. 1932 முதல் நான்காண்டுக் கல்வி அந்நாட்டிற் பொதுவிதியாயிற்று. கல்வி நீளவே செலவும் நீண்டது. 1942 இல் மருந்தாக்கக் கல்விக்கென நன்கொடை நிதியம் ஒன்று அங்கு அமைந்து, மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கலாயிற்று.

நம் அண்டை நாடாகிய இந்தியாவில் இப்பட்டம் முதன்முதல் வேரூன்றிய இடம் காசி இந்துப் பல்கலைக்கழகம் ஆகும். கலப்படமும் தரக்குறைவும் மலிந்திருந்தமையை ஆராய 1930 இல் சொப்ரா என்பார் தலைமையில் அரசினர் குழுவொன்றை நியமித்தனர். மருந்தாளர்க்கு முறையான கல்வி வேண்டும் என அக்குழு வற்புறுத்திற்று. ஐக்கிய அமெரிக்காவிற் கற்று மீண்ட மகாதேவ லால் சிரொவ், பண்டித மதன் மோகன் மாளவியாவின் ஆதரவோடு 1932 இல் காசியில் மருந்தாக்க இரசாயனத்தைப் பாடமாக்கினார். 1937 இல் அது தனிப்பட்டப் படிப்பாயிற்று. 1948 இல் இந்தியா மருந்தாளர் தொழிலைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தியது. சட்டம் பிறக்குமுன்னரே கற்றவரை உருவாக்கத் தொடங்கினமையே காசியின் சிறப்பு.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட மாணவரைப் பயிற்றினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்க அவர் துணிந்தார். 1875 இல் வெளிவந்த கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் அம்முயற்சியின் பயன்களுள் ஒன்று. 1870 இற் கொழும்பில் மருத்துவப் பாடசாலை தோன்றியபின் அப்போதிக்கரிமாரும் அங்குப் பயிற்றப்பட்டனர். கிராமத்து மக்கள் மேனாட்டு மருந்தை அறிந்தது பெரும்பாலும் இவர்கள் கைவழியேயாம். பதிவுபெற்ற மருந்தாளரிடம் பழகிப் பரீட்சை எழுதும் முறையும் இந்நாட்டில் நெடுங்காலம் நிலவியது. பல்கலைக்கழகப் பட்டமோ இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்தது. பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்த்தனபுர முதலிய பல்கலைக்கழகங்கள் நான்காண்டுக் கற்கைநெறியை நடத்துகின்றன.

இப்பட்டத்தை நாடும் மாணவர் உயர்தர வகுப்பில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றைக் கற்றல் வேண்டும். இவற்றுள் இரசாயனவியலே அடித்தளம் என்க. பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல், மருந்தாக்க இரசாயனம், மருந்துகளின் தொழிற்பாட்டை ஆராயும் மருந்தியல், குளிகை முதலியவற்றை ஆக்கும் முறை, மூலிகைகளிலிருந்து மருந்து பெறும் துறை, தொழிற்சட்டம் என்பன பயிலப்படும். மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. நூறாண்டுக்கு முன் எதிரெதிர் நின்ற கடையும் ஆய்வுகூடமும் இவ்வாறு ஒரே கற்கைநெறியுள் இணைந்தன. பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த கொள்கையின் வழி 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. விலை மிக்க வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரை வழங்குதல் அவர் நோக்கம். இரு பெயர்களுள் அடங்கியிருப்பது ஒரே மருந்து என அறிந்து ஏழைக்குச் சொல்ல வல்லவர் கற்ற மருந்தாளரே.

செலவைப் பொறுத்தவரை நாம் நற்பேறு பெற்றோம். 1945 இல் வந்த இலவசக் கல்வியால் பல்கலைக்கழகத்திற் கல்விக்கட்டணம் இல்லை. 1981 இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும் பல்கலைக்கழக உதவிப்பணமும் தகுதியுடையோர்க்குக் கிடைக்கின்றன. ஆயினும் கட்டணமின்மை செலவின்மையாகாது. தங்குமிடம், உணவு, நூல், போக்குவரத்து ஆகியன எஞ்சி நிற்கின்றன. உதவிப்பணம் கைக்கு வருமுன் கழியும் முதன் மாதங்களே ஏழை மாணவனுக்குப் பெருஞ் சோதனை. பெல்லின் நண்பர் செய்தது போலப் பழைய மாணவர் ஒன்றுகூடி அம்மாதங்களுக்கெனச் சிறு நிதியொன்றை வைப்பாராயின், அதன் பயன் அம்மாணவனோடு நில்லாது, அவன் கையால் மருந்து பெறும் நோயாளர் அனைவரையும் சென்றடையும். ஆசிரியரும் தம் மாணவர்க்கு மருத்துவத்தையும் பொறியியலையும் எடுத்துரைக்கும்போது, பிழையாமல் இயற்றும் இந்நான்காமவனின் தொழிலையும் எடுத்துரைப்பாராக.