ஐந்தும் ஐம்பதும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்டது பிள்ளைகளின் குணத்தைப் பற்றி. இருதய வைத்தியம் அவர்கள் நினைவில் இருந்திருக்காது.

சமீபத்தில் நண்பர் ஒருவர் தம் ஏழு வயது மகனோடு என் வீட்டுக்கு வந்திருந்தார். பையன் கையில் பெரிய வறுவல் பொட்டலம் ஒன்று இருந்தது. "எனக்கு டாக்டர் உப்பையும் நெய்யையும் நிறுத்திவிட்டார். என் பங்கையும் சேர்த்து இவனாவது சாப்பிடட்டும். பச்சைப் பிள்ளைக்கு ஏது ஸார் மாரடைப்பு?" என்றார் நண்பர்.

அவர் கேள்வியாகக் கேட்டதை உலகத்து வைத்தியர்கள் ஒரு காலத்தில் முடிந்த முடிவாகவே வைத்திருந்தார்கள். மாரடைப்பு என்பது நடுவயதில் வருவது, வயோதிகத்தின் வாசல் மணி என்பது பொதுவான எண்ணம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ஆம் ஆண்டு 5,209 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. புகைபிடித்தல், ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுதல் ஆகியவை இருதய நோய்க்கு வழிகாட்டிகள் என்று உலகம் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்த ஊர் ஜனங்களால்தான். ஆனால் அங்கேயும் பரிசோதனைக்கு வந்தவர்கள் முப்பதை எட்டிய ஆண்களும் பெண்களுமே. அந்த ஊர்க் குழந்தைகளை அப்போது யாரும் கூப்பிடவில்லை.

உண்மை வேறொரு வழியாக வந்தது. அது துயரமான வழி.

1950-இல் கொரியாவில் யுத்தம் மூண்டது. அங்கே போர்க்களத்தில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்களில் 300 பேருடைய இருதயங்களை ஈனோஸ், ஹோம்ஸ், பேயர் என்ற மூன்று ராணுவ வைத்தியர்கள் திறந்து பார்த்தார்கள். மாண்டவர்களின் சராசரி வயது இருபத்திரண்டு. திடகாத்திரமான தேகம் என்று சோதித்துப் பொறுக்கி எடுக்கப்பட்ட வாலிபர்கள். அவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு இருதய ரத்தக் குழாய்களில் நோயின் அடையாளம் இருந்தது! சிலருக்கு லேசான தடிப்பு. சிலருக்கோ ஒரு முக்கியமான குழாயே முழுவதும் அடைபட்டிருந்தது. போர் நிறுத்தம் ஏற்பட்ட அதே 1953 ஜூலை மாதத்தில் இந்த விவரம் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று.

இருபத்திரண்டு வயதில் இவ்வளவு என்றால், அது தொடங்கியது எப்போது?

இதற்கு விடை தேடிப் புறப்பட்டவர் ஜெரால்டு பெரன்ஸன். அவர் போன இடம் தம்முடைய சொந்த ஊரே. லூயிஸியானா மாகாணத்தில் மர ஆலையாலும் காகித ஆலையாலும் வளர்ந்த சிற்றூர் பொகலூஸா. அங்கே 1973 முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை, வெள்ளையர் கறுப்பர் இருவரையும், வரிசையாக நிறுத்தி எடை பார்த்தார்கள்; ரத்த அழுத்தம் அளந்தார்கள்; சொட்டு ரத்தம் எடுத்தார்கள்; என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் விடவில்லை. காலப்போக்கில் பதினாறாயிரம் பேருக்கு மேல் இந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். சிறு வயதில் எடையிலும் கொலஸ்டிராலிலும் முன்வரிசையில் நின்ற பிள்ளைகளில் பலர் வளர்ந்த பிறகும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

விபத்து முதலிய காரணங்களால் இளமையிலேயே இறந்துபோனவர்களின் ரத்தக் குழாய்களையும் பெரன்ஸன் குழுவினர் ஆராய்ந்தார்கள். 2 வயது முதல் 39 வயது வரை 204 பேர். 1998-இல் வெளியான முடிவு இது: அதிக எடை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு முதலிய தீங்குகளில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு இருதயக் குழாயின் உட்பரப்பில் நூற்றுக்கு 1.3 பங்கில்தான் கொழுப்புக் கோடுகள் இருந்தன. மூன்று, நான்கு தீங்குகள் சேர்ந்திருந்தவர்களுக்கோ 11 பங்கு!

ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு குழாயின் சுவருக்குள் புகுகிறது. அதை விழுங்க வந்த அணுக்கள் தாமே வீங்கி அங்கே தங்கிவிடுகின்றன. இப்படி விழுவதுதான் அந்த மஞ்சள் கோடு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன்மேல் நார் படர்ந்து தடிப்பாகிறது. வலி கிடையாது, அறிகுறி கிடையாது. பிறகு ஒருநாள் தடிப்பு வெடித்து, ரத்தம் உறைந்து, வழி அடைபடும்போது, "நேற்று வரையில் நன்றாக இருந்தாரே!" என்கிறோம்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கோடுகள் எல்லாமே தடிப்பாவதில்லை. கோடு மங்கிப் போவதும் உண்டு. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், சோறும் உப்பும் சிகரெட்டும் ஓட்டமும் நம் கையில் இருப்பவை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மாண்ட 3,832 அமெரிக்க வீரர்களை ஆராய்ந்து 2012-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கொரியாவில் 77 ஆக இருந்தது அதில் 8.5 ஆகக் குறைந்திருந்தது. பார்த்த முறை வேறு, ஆள் எடுத்த முறையும் வேறு. ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆயினும் இடைக்காலத்தில் அந்த நாட்டில் சிகரெட் குறைந்ததையும், ரத்தக் கொழுப்பும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்ததையும் மறப்பதற்கில்லை.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் மகனைப் பார்த்தார். பொட்டலம் அதற்குள் காலியாகிவிட்டிருந்தது. "சரி, எழுந்திரு. வீடு வரைக்கும் நடந்தே போவோம்" என்றார். தகப்பனும் பிள்ளையும் கைகோத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஐம்பதும் ஐந்தும் சேர்ந்து நடந்தால் இருவருக்கும் நல்லதுதானே?